அகிலா சொன்னது மட்டும்

என்னால் சும்மா உட்கார முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, தெருவே அறிந்த குறை இது. கல்யாண வீட்டில் தாலி ஏறுவதற்குள் நாலு தடவை எழுந்து பந்திப் பக்கம் போய்விட்டு வருவேன். டாக்டரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருக்கச் சொன்னால் காய்ச்சலே தேவலாம் என்று திரும்பி வந்துவிடுவேன். தறியில் மட்டும் உட்காருவேன், அதுவும் கைக்கு வேலை இருப்பதால். கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக வரும் கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் தேவேந்திரன் நடுவில் உட்கார்ந்து உடலை நெய்வார். நான் ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவேன். அப்போதும் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அவர் இருபது வருஷமாகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் விட்டுவிட்டார்.

என் பெயர் ஏலவார்குழலி. மகள் திரிஷாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்து அவள் விடுதிக்குப் போன பிறகு என் கால் ஆட்டம் இன்னும் மோசமானது. சாயங்காலம் தறியை விட்டு இறங்கினால் என்ன செய்வதென்று தெரியாது. துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைப்பேன். தேவேந்திரன் பேசுகிற ஆளில்லை. நான் பேசினால் கேட்பார், அவ்வளவுதான். யார் மேலாவது எரிந்து விழ வேண்டும்போல இருக்கும். தெருவில் நாலு பேரோடு அந்த வருஷம் பேச்சு நின்றுபோனதற்கு இதுதான் காரணம், அவர்கள் சொல்லும் காரணம் எதுவும் இல்லை.

அப்படி ஒரு வியாழக்கிழமை எதிர்வீட்டுப் பிரியதர்ஷினி வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். பக்கத்து ஊர் முசரவாக்கத்தில் அகிலா என்று ஒரு பெண், முப்பத்தொரு வயது, பிறவியிலேயே பார்வை இல்லை, தபால் வழியில் பி.ஏ. படிக்கிறாள் என்றாள். கடைசி வருஷத்து ஆறு பேப்பர் பாக்கி. அவள் வாயால் சொல்லச் சொல்ல யாராவது எழுத வேண்டும். போன வருஷம் இரண்டு முறையும் வருகிறேன் என்று சொன்னவர்கள் பரீட்சையன்று போனை அணைத்துவிட்டார்கள். இந்த வருஷத்தோடு படிப்பின் கெடு முடிகிறது. ஜூனில் ஒரு வாய்ப்பு, டிசம்பரில் ஒரு வாய்ப்பு. அதற்குள் முடிக்காவிட்டால் பட்டம் கிடையாது. ஒரு கம்பெனியில் தற்காலிகமாக டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறாள், பட்டம் இல்லாவிட்டால் அந்த வேலையும் போய்விடும்.

எழுதுகிறவர் அவளைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டுமாம். நீங்கள் பத்தாவதுதானே அக்கா என்று பிரியதர்ஷினி கேட்டபோது சுருக்கென்றது. ஆனால் உடனே, தெருவில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கும் விலாசம் எழுதுவது நீங்கள்தானே, அந்தக் கையெழுத்து யாருக்கு வரும் என்று ஒரு ஐஸ் வைத்தாள். சரி என்றுவிட்டேன். புண்ணியத்துக்காக இல்லை. வீட்டை விட்டு வெளியே போக ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

தேர்வு ஒரு கல்லூரியில், சனி ஞாயிறுகளில். எங்களுக்கு மட்டும் தனி அறை கொடுத்தார்கள், கூடுதலாக ஒரு மணி நேரமும். ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தேர்வர் சொல்வதை மட்டுமே எழுதுவேன், கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்ற உறுதிமொழியாம். நான் அதைப் படிக்காமலே போட்டுவிட்டேன். அகிலா ஒல்லியாக, நேராக உட்கார்ந்திருந்தாள். மடக்குக் கோலைப் பைக்குள் வைத்துவிட்டு, "நான் சொல்றத மட்டும் எழுதுங்கக்கா. தப்பா சொன்னாலும் அப்படியே எழுதுங்க" என்றாள். அதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

கஷ்டம் எழுதுவதில் இல்லை, எழுதாமல் இருப்பதில்தான். அவள் ஒரு வாக்கியம் சொல்வாள். பிறகு யோசிப்பாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். விசிறி சுற்றுவதைப் பார்ப்பேன், ஜன்னலைப் பார்ப்பேன், பேனா மூடியைத் திறந்து மூடுவேன். கால் தானாக ஆட ஆரம்பிக்கும், பெஞ்சும் சேர்ந்து ஆடும். முதல் நாள் அவள் கையை நீட்டி, தடவிப் பார்த்து, என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார்.

ஐந்து பேப்பர் இப்படிப் போனது. ஆச்சரியம் என்னவென்றால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் உட்கார்ந்தேன். நாலு மணி நேரம் அடக்கி வைத்ததில் உடம்பு அடங்கியிருந்தது. நான் போகிற நாளில் கோர்வை நின்றுவிடும், தேவேந்திரனுக்கு வேலை கெடும். முதல் வாரம் முணுமுணுத்தார். மூன்றாவது வாரம் நான் கிளம்புவதற்குள் இட்லி கட்டி வைத்திருந்தார். நான் பேச்சை நிறுத்தியிருந்த நாலு பேரில் ஒருத்தியான சங்கரி, தெருவில் என்னை நிறுத்தி, அந்தப் பொண்ணு எப்படி எழுதுது என்று விசாரித்தாள். பதில் சொல்லும்போதுதான் அவளோடு சண்டை என்பதே ஞாபகம் வந்தது.

ஆறாவது பேப்பர் கூட்டுறவு. கேள்வித்தாளை வாசித்தபோதே எனக்குக் குஷி. மற்றதெல்லாம் எனக்குப் புரியாத சங்கதி, இது என் சங்கதி. பதினெட்டு வருஷமாக நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நான் உறுப்பினர். அதில் ஒரு கேள்வி, சங்கத்தில் உறுப்பினரின் வாக்குரிமையை விளக்குக. பத்து மதிப்பெண்.

அகிலா சொன்னாள், "ஒரு உறுப்பினருக்கு ஒரு வாக்கு. அவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றே."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எந்த ஊரில் அப்படி நடக்கிறது? எங்கள் சங்கத்துப் பேரவைக் கூட்டத்தில் பத்துத் தறி வைத்திருப்பவர்கள் முன்வரிசையில் உட்காருவார்கள். அவர்கள் பேசுவார்கள், அவர்கள் கை தூக்குவார்கள், முடிந்தது. நாங்கள் பின்னால் நின்று, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கேசரியும் மெதுவடையும் இருக்கிற டிபன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்குள் வீடு திரும்பிவிடுவோம். பாவம், புத்தகத்தில் ஏதோ கேட்டுவிட்டுச் சொல்கிறது இந்தப் பெண் என்று நினைத்தேன்.

தறியில் இழை அறுந்தால் நாங்கள் யாரையும் கேட்பதில்லை. நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொன்னால் வேலை நிற்கும். பார்த்த கை முடிச்சுப் போட்டுவிட்டு மேலே போகும். தேவேந்திரன் போட்ட எத்தனையோ தப்பை அவருக்கே தெரியாமல் சரி செய்திருக்கிறேன். அதுதான் ஓரத்தில் உட்காருகிறவளின் சாமர்த்தியம் என்று என்னைப் பழக்கியிருக்கிறார்கள். அந்தக் கை அன்றைக்கும் அதையே செய்தது. உறுப்பினர் அனைவருக்கும் வாக்கு உண்டு என்றாலும் அதிகப் பங்கும் அதிகத் தறியும் உடையவர்களின் முடிவே இறுதியானது என்று முத்து முத்தாக எழுதினேன். எழுதும்போது ஒரு நல்ல காரியம் செய்கிற சந்தோஷம்கூட இருந்தது.

"நிறுத்துங்கக்கா" என்றாள் அகிலா, குரலைத் தாழ்த்தி. "நான் சொல்லி முடிச்சிட்டேன். பேனா இன்னும் ஓடிக்கினு இருக்குது."

நான் கொஞ்சம் பெரிதாக எழுதிவிட்டேன் என்றேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். அவள் சொன்னதையே நினைவிலிருந்து சொன்னேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். இந்த முறை எத்தனை பங்கு என்பதற்குப் பதில் எவ்வளவு பங்கு என்று வாயில் வந்துவிட்டது. எழுதியதை வாசித்தால் வார்த்தை மாறாது. அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னா எழுதியிருக்குதுன்னு சொல்லுங்க."

சொன்னேன். வாசலில் கண்காணிப்பாளர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் எழுந்து வந்து கேட்டால் அவள் பேப்பர் ரத்து. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

அகிலா அந்தப் பதிலை முழுக்க அடிக்கச் சொன்னாள். அடித்தேன். திரும்பச் சொன்னாள், எழுதினேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம். ஆனால் அவளால் எப்படி விட முடியும்? முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னாள். பதினெட்டுப் பக்கம். ஒவ்வொரு வரியாக வாசித்தேன், அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தாள். இன்னும் இரண்டு இடத்தில் நான் ஒட்டுப்போட்டிருந்தது அகப்பட்டது. அவற்றையும் அடித்தோம். வாசித்து முடிக்கும்போது மணி அடித்துவிட்டது. கடைசிக் கேள்வி, பதினைந்து மதிப்பெண், ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்கான விடை அவளுக்கு முழுக்கத் தெரியும். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பேருந்து நிலையம் வரை அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். காலையில் விடை சொல்லிக்கொண்டே வந்த அதே வழி. எனக்குத் தாங்கவில்லை. நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொன்னேன், கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

"நல்லதுக்குத்தாங்க்கா. இல்லன்னு சொல்லல. ஆனா அப்ப அது உங்க பரிட்ச ஆயிடுச்சு."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே தேவேந்திரனிடம் சங்கத்தில் நமக்கு எத்தனை ஓட்டு என்று கேட்டேன். ஒன்று என்றார். பத்துத் தறிக்காரருக்கு? "அவருக்கும் ஒண்ணுதான். சட்டம் அப்டி. நாமதான் வடைய வாங்கிக்கினு வந்துடறமே, யாரு போட்றது?" என்று சொல்லிவிட்டு அறுந்த இழையைத் தேட ஆரம்பித்தார். நான் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததை நான் தப்பாக்கி, அந்தத் தப்பை அடிக்க அவள் நேரத்தையும் தின்றிருக்கிறேன்.

ரிசல்ட் வர இரண்டரை மாதம். அந்த நாட்களை நான் எப்படி ஓட்டினேன் என்று தேவேந்திரனைத்தான் கேட்க வேண்டும். கரையில் மூன்று தடவை நாடாவை மாற்றிப் போட்டேன், பிரித்து நெய்ய வேண்டியிருந்தது. பிரியதர்ஷினி வீட்டுக் கதவு திறந்தால் உள்ளே ஓடிவிடுவேன். தினமும் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனேன், அங்கேயும் நிற்க முடியாமல் பிரகாரத்தை வேகவேகமாகச் சுற்றிவிட்டு வந்தேன். சாமியிடம் என்ன கேட்பது? நான் செய்ததைச் செய்யாததாக ஆக்கு என்றா?

ஆகஸ்ட் கடைசியில் பிரியதர்ஷினி வந்து சொன்னாள். ஐந்தில் பாஸ். கூட்டுறவில் நாற்பது வேண்டும், வந்தது முப்பத்தாறு.

அன்று மதியமே முசரவாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். அகிலாவின் அப்பா பரசுராமன் வாசலில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் உள்ளே வாம்மா என்று ஒரு கை கடலையை அள்ளி என் கையில் வைத்தார். மகள் அவரிடம் எதுவும் சொல்லவில்லை என்று அதிலிருந்தே தெரிந்தது. அந்தக் கடலையைத் தின்னவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. உள்ளே அகிலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் நடையிலேயே கண்டுபிடித்து, உட்காருங்கக்கா என்றாள்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். தப்பு என்னுடையது, டிசம்பருக்கு நல்ல ஆளாக, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ஆளாகப் பார்த்துத் தருகிறேன், அதுவரை நான் ஓயமாட்டேன் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் கடைசித் துண்டை மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"வேற ஆளு வேணாங்க்கா. அவங்க இன்னா எழுதுறாங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்? உங்க பேனா எனக்குத் தெரியும். எங்க நிக்குது, எங்க நீளுதுன்னு காதுல கேக்குது. நீங்களே வாங்க. ஆனா இந்த வாட்டி நான் சொல்றத மட்டும்."

அன்றிலிருந்து தினமும் ஆறிலிருந்து ஏழு வரை போனில் அவளுக்குப் பாடப் புத்தகத்தை வாசித்தேன். பிராயச்சித்தமாகத்தான் ஆரம்பித்தது. பத்து நாளில் ஆறு மணி எப்போது வரும் என்று இருந்தது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கடை திறந்த கதையை மூன்று தடவை வாசித்தோம். அவர்களில் நெசவாளர்களும் இருந்தார்கள் என்று வந்ததும் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தேவேந்திரனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

செப்டம்பரில் சங்கத்துப் பேரவைக் கூட்டம். கையெழுத்துப் போட்டேன், பொட்டலத்தை வாங்கினேன், ஆனால் போகவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சங்கரி என்னைப் பார்த்துத் தானும் உட்கார்ந்தாள், அவளைப் பார்த்து இன்னும் ஐந்து பேர். எங்களுக்குப் பட்டு நூல் ஏன் மூன்று வாரம் தாமதமாக வருகிறது என்று எழுந்து கேட்டேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நூலை நேரத்துக்குத் தர வேண்டும் என்ற தீர்மானம் வந்தபோது பின்னால் ஏழு கை உயர்ந்தது, கணக்கில் எடுத்தே ஆக வேண்டியிருந்தது. நூல் இன்னும் நாலைந்து நாள் தாமதமாகத்தான் வருகிறது, மூன்று வாரம் இல்லை.

டிசம்பரில் எழுதினோம். பிப்ரவரியில் ரிசல்ட் வந்தது, ஐம்பத்தெட்டு. வேலையும் நிரந்தரமாகிவிட்டது. அகிலா மூலமாகத் தென்னேரியில் சந்தோஷ்குமார் என்று பார்வையில்லாத இன்னொருவர் கேட்டு, இப்போது எங்கள் தெருவிலிருந்து சங்கரியோடு சேர்த்து நாலு பேர் இப்படி எழுதித் தரப் போகிறோம். அந்தப் படிவத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் எல்லோரையும் மிரட்டி வைத்திருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது மதிப்பெண்ணைப் பற்றி இல்லை. டிசம்பர் பரீட்சையில் நடந்த ஒரு ஐந்து நிமிஷம்.

ராச்டேலைப் பற்றித்தான் கேள்வி. அகிலா ஆரம்பித்தாள், "இக்கடை 1854ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது."

நாற்பத்து நாலு. மூன்று தடவை வாசித்தவள் நான். இந்த முறை சங்கத்து வடையிலிருந்து வந்த அறிவு இல்லை, புத்தகத்தில் பார்த்த அறிவு. கை பேனாவோடு அப்படியே நின்றது. நின்றது அவள் காதில் விழுமே என்று பயந்து, 1854 என்று எழுதினேன். என் கையால் தெரிந்தே ஒரு தப்பை எழுதியது அதுதான் முதல் தடவை. அவள் அடுத்த வரியைச் சொன்னாள், எழுதினேன். அதற்கடுத்த வரி. என் கால் வழக்கம்போல் ஆடிக்கொண்டிருந்தது. சட்டென்று அதை நிறுத்தத் தோன்றியது, நிறுத்தவில்லை. நின்றால் அவளுக்கு ஏதோ சந்தேகம் வரும், அதுவும் விடையைச் சொல்லிக்கொடுத்ததுபோலத்தான் ஆகும். அதனால் அதே வேகத்தில் வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டிருந்தேன். சும்மா இருப்பதற்காக நான் அவ்வளவு பாடுபட்டது என் வாழ்க்கையில் அன்றுதான்.

ஐந்தாவது வரியில் அவள் பேச்சை நிறுத்தினாள். யோசித்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். நான் விசிறியைப் பார்த்தேன்.

"அக்கா, மொத வரில வருஷம் இன்னா எழுதியிருக்குது?"

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்து நாலு என்று வாசித்தேன். எந்த வார்த்தையிலும் அழுத்தம் விழாமல், பஸ் நம்பரைச் சொல்வதுபோலச் சொன்னேன்.

"தப்புக்கா. அடிச்சிட்டு நாப்பத்தி நாலுன்னு போடுங்க."

ஒரே கோடு போட்டு அடித்தேன். அவள் சொன்னதை எழுதினேன்.